பத்தொன்பதாம் பாடத்தில் சொன்னது

பரகோவா
மார்ச் 6

அன்புத் தம்பி நிவார்தோவுக்கு,

ஹார்ட் டிஸ்க் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஹவானாவிலிருந்து இங்கே வரும்வரை அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை என்று பஸ் டிரைவர் பால்தோமேரோ சத்தியம் செய்கிறார். நீ சுற்றி அனுப்பிய காலுறையில் அவருடைய சுருட்டு நாற்றம் அடிப்பதால் நானும் நம்பிவிட்டேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் நான் "ஹலோ" என்றால் போதும், அடுப்படியிலிருந்து அம்மா, "யாரு, அவனா? என்னவாம்?" என்று வந்துவிடுகிறாள். குரல் பதிவு அனுப்பினால் பாதிக்கு மேல் அவளே பேசிவிடுகிறாள். நமக்குள் மட்டும் ஏதாவது பேச வேண்டுமென்றால் காகிதம்தான் வழி. கரண்ட் இல்லாத நேரத்துக்கு அது ஒரு வேலையும் ஆச்சு.

இப்போது பாடங்கள். ரிகோபெர்த்தோ குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போனபிறகு, பெண்பிள்ளைகளின் பதினைந்து வயது விழாக்களுக்கு வீடியோ எடுக்க இந்த ஊரில் ஆளே இல்லை என்று உனக்குத் தெரியும். அவருடைய கேமராவும் கம்ப்யூட்டரும் இப்போது என்னிடம். எடுக்க வருகிறது. எடுத்ததை வெட்டி ஒட்டத்தான் வரவில்லை. எனக்கு ஆங்கிலம் வராதென்று நீ அந்தக் கனடாக்கார மொட்டை வாத்தியாரின் இணைய எடிட்டிங் பாடங்கள் முழுவதற்கும் நம் மொழியில் உன் குரலைக் கொடுத்து அனுப்புகிறாயே, உன்னை மாதிரி தம்பி யாருக்கு வாய்ப்பான். ஆனால் நாலாவது பாடத்தில், "அக்கா, தூங்காதே" என்கிறாய் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழகுவதற்காக மொட்டை கொடுத்திருக்கும் அந்தக் காட்சியை, புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் சண்டை போடுவதை, விதவிதமாக வெட்டிப் பார்க்கிறேன். அம்மா பின்னால் நின்று தீர்ப்பு சொல்கிறாள். நேற்று, "பாவம் அந்தப் பொண்ணு" என்றாள். இன்று அவன் முகத்தைக் கொஞ்சம் அதிகம் காட்டினேன். "அவனும் எவ்வளவுதான் பொறுப்பான்" என்கிறாள். இதுதான் எடிட்டிங் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. மிச்சப் பாடங்களையும் அனுப்பு.

உன் அக்கா
ஒடால்மிஸ்


ஹவானா
மார்ச் 19

என் அருமை அக்காவுக்கு,

தூங்கினாய். எனக்குத் தெரியும். சின்ன வயதில் மாதா கோயில் பிரசங்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள் நீ.

இருபத்து நாலு பாடமும் இந்த டிஸ்க்கில் இருக்கின்றன. எப்படிப் பேசிப் பதிவு செய்கிறேன் என்று தெரிந்தால் என்னைத் திட்டமாட்டாய். ஆபீஸ் இணையத்தில் பாடத்தை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். துணி அலமாரியைக் காலி செய்து, அதன் வாயில் மெத்தையை நிறுத்தி, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுகிறேன். இல்லாவிட்டால் கீழ்வீட்டுச் சேவல் என்னோடு சேர்ந்து பாடம் நடத்துகிறது. ஒரு பாடம் முடித்து வெளியே வந்தால் சட்டையைப் பிழிந்து காயப் போடலாம். மொட்டை மட்டும் குளுகுளு அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

இன்னும் இரண்டு சேர்த்திருக்கிறேன். ஒன்று, மெக்சிகோக்காரி ஒருத்தி ஒலியைப் பற்றிப் பேசுவது. நம் மொழிதான், நேரடியாகவே கேள். இன்னொன்று, உலகம் முழுக்க எடிட்டிங்கில் மாட்டிக்கொண்டவர்கள் இணையத்தில் போட்ட கேள்விகளும் அதற்கு வந்த பதில்களும். "கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடுகிறது, என்ன செய்ய" என்று பாகிஸ்தானிலிருந்து ஒருவர் அழுகிறார். உன் கம்ப்யூட்டருக்கும் அதே வியாதிதான். படங்களுக்குச் சின்ன அளவில் நகல் எடுத்து, அதை வைத்து வெட்டு. கடைசியில் பெரியதை மாற்றிக்கொள்ளலாம். எட்டாம் பாடத்தில் விளக்கியிருக்கிறேன்.

வரிசையாகப் பார் அக்கா, தாவாதே. பத்தொன்பதாவதை மட்டும் அம்மா வீட்டில் இல்லாதபோது தனியாக உட்கார்ந்து பார். கொஞ்சம் கவனம் வேண்டிய பாடம்.

அம்மா எப்படி இருக்கிறாள்? முட்டிவலிக்கு அனுப்பிய தைலத்தைப் போடுகிறாளா, அல்லது பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாளா?

நிவார்தோ


பரகோவா
ஏப்ரல் 10

தம்பிக்கு,

தைலம் பத்திரமாக இருக்கிறது. யாராவது விருந்தாளி முட்டிவலியோடு வந்தால் கொடுக்க வேண்டுமாம்.

என் முதல் விழா வீடியோ முடிந்தது. பெண்ணுக்கு ஏழு கவுன், ஒரு குதிரை வண்டி, கடற்கரையில் ஓட்டம். மொட்டை சொன்னபடி அடக்கமாக வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பெண்ணின் அம்மா முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இதயம் எங்க?" என்றாள். ஒரு கவுனிலிருந்து அடுத்த கவுனுக்கு மாறும்போது இதயம் விரிய வேண்டுமாம், புறா பறக்க வேண்டுமாம். மொட்டை ஆறாம் பாடத்தில் வேண்டவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டதை எல்லாம் வரிசையாகச் சேர்த்தேன். கண்ணீர் விட்டாள், கட்டிப்பிடித்தாள். கனடாவில் பதினைந்து வயதுப் பெண்களே கிடையாது போலிருக்கிறது.

இந்த வேலையில் பாடம் பின்தங்கிவிட்டது. பன்னிரண்டில்தான் நிற்கிறேன்.

இன்னொரு சங்கதி. மேக்கப் போடும் பெல்கிஸ், தன் புருஷன் ஓஸ்மெலும் எடிட்டிங் கற்கப் போகிறான் என்று வந்து டிஸ்க்கைக் கேட்டாள். கேட்டு வந்தவளிடம் டிஸ்க் இல்லை என்று சொல்லும் வழக்கம் இந்தத் தீவிலேயே உண்டா? கொடுத்தேன். எல்லோரையும் போல முழுசாக நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். மறுவாரம் வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். நீ கலர் பாடத்தில் என்னடா சொல்லித் தொலைத்தாய்? "சிவப்பை அள்ளி அப்பாதே அக்கா, பெல்கிஸ் கை பட்ட கல்யாணப்பெண் மாதிரி ஆயிடும்." அதை அவளும் புருஷனும் மாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். நல்லவேளை, மாமியார் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். "அவன் கல்யாணத்துக்கு நான்தான் பூசுவேன், அவனுக்கே பூசுவேன்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனாள்.

அவளிடமிருந்து இன்னும் பலர் வாங்கிவிட்டார்கள். குவாந்தனாமோ வரைக்கும் போய்விட்டதாம். ரேஷன் ரொட்டி வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் அம்மாவிடம், "உங்க மகன் குரல் ரேடியோ மாதிரி இருக்கு" என்கிறார்கள். அவள் இப்போது ரொட்டி வாங்கப் போவதற்கே கம்மல் போட்டுக்கொள்கிறாள்.

ஒடால்மிஸ்


ஹவானா
ஏப்ரல் 21

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. உடனே போன் செய்தேன். அம்மா எடுத்தாள். ஊரெல்லாம் என் குரலைப் புகழ்வதை ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பதற்குள் என் போனில் காசு தீர்ந்துவிட்டது. உன்னிடம் கொடுக்கவே இல்லை.

இதைப் படித்த கையோடு பத்தொன்பதாம் பாடத்தைப் பார். வரிசையெல்லாம் வேண்டாம். பார்த்துவிட்டு பெல்கிஸ் வீட்டுக்குப் போய், யார் யாரிடம் அது இருக்கிறதோ அத்தனை பேரிடமும் அந்த ஒரு பாடத்தை மட்டும் அழித்துவிடச் சொல். காரணம் கேட்டால் பாடத்தில் பிழை என்று சொல். அதுவரை அம்மாவை ரொட்டி வரிசைக்கு அனுப்பாதே. நீ போய் நில்.

டிஸ்க்கை ஏன் கொடுத்தாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்கமாட்டேன். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

நிவார்தோ


பரகோவா
ஏப்ரல் 30

நிவார்தோ,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ரொட்டி வரிசையில், மருந்துக்கடைக்காரர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்து, "மகன் உருகுவே போறானாமே, சந்தோஷம். எப்ப கிளம்பறான்?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா, "எந்த மகன்?" என்றாளாம். அவளுக்கு இருப்பதே ஒரு மகன். பின்னால் நின்ற இன்னொருத்தி, "ஐயோ, அம்மாகிட்ட சொல்லாதேன்னுல்ல அந்தப் பாடத்துல சொல்லியிருக்கான்" என்று வாயைப் பொத்திக்கொண்டாளாம். அம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டுதான் வந்தாள். மேசையில் வைத்தாள். கம்மலைக் கழற்றினாள்.

நான் ஓடிப்போய் அந்தப் பாடத்தைப் பார்த்தேன். மொட்டை வெட்டி முடித்த வீடியோவை ஒரே கோப்பாக மாற்றப் போட்டுவிட்டு, அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த இடைவெளியில் நீ பேசுகிறாய். உருகுவேயில் வேலை, விசா கேட்டிருக்கிறாய், அம்மாவிடம் நான் சொல்லக் கூடாது. அதற்கு மேலும் நீ பேசுகிறாய், அதையும் கேட்டேன். ஆனால் ஊர் வாயில் "சொல்லாதே" வரைக்கும்தான் வந்திருக்கிறது. மிச்சத்தை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துகிறாள். ஒரே ஒரு முறைதான் பேசினாள். "ஊருக்கே உக்காந்து பாடம் நடத்தினவனுக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்ல. விடு." வீட்டிலிருக்கும் ஒரே போனை அணைத்துத் துணிப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். சாவி அவள் கழுத்தில் தொங்குகிறது.

எனக்கும் கோபம்தான், தெரிந்துகொள். கூடப் பிறந்தவளிடம் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்ல உனக்கு ஒரு மொட்டைத்தலை துணை வேண்டியிருந்ததா? அவரைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒடால்மிஸ்


ஹவானா
மே 9

அக்கா,

திட்டு. இன்னும் திட்டு. நீ பேசாமல் இருந்தால்தான் எனக்குத் தாங்காது.

இதை உனக்கு எழுத எத்தனை காகிதம் எடுத்தேன் தெரியுமா? "அக்கா" என்று எழுதுவேன், அதற்கு மேல் கை போகாது. அன்றைக்கு அலமாரிக்குள் இருட்டு. மொட்டை சும்மா இருந்தார், எனக்கும் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. வாய் தானாகப் பேசிவிட்டது. அதை அழித்திருக்கலாம். இரண்டு தடவை கை போயிற்று. விட்டுவிட்டேன், ஏனென்றால் மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வராது என்று தெரியும்.

விசா வந்துவிடும் போலிருக்கிறது. ஜூன் 21 விமானம். நான் அங்கே வரலாம் என்றால், பாஸ்போர்ட் தூதரகத்தார் கையில் இருக்கிறது, எந்த நாளும் நேரில் கூப்பிடுவார்களாம். நான் பஸ்ஸில் பாதி வழியில் இருக்கும்போது கூப்பிட்டால் போச்சு. தினமும் அம்மா போனுக்கு அடிக்கிறேன். அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் சொல்கிறாள். அவள் குரல்கூட எனக்கு இப்போது பழகிவிட்டது.

அம்மா பேசாமல் விமானம் ஏறமாட்டேன் என்று உன்னிடம் வீரம் பேசலாம். பொய். ஏறிவிடுவேன் அக்கா. அதுதான் என் பயம். ஏறிவிட்டால் அப்புறம் அவள் எந்த வருஷம், எந்த வாசலில், என் முகத்தைப் பார்த்து என்ன பேசப் போகிறாள்? ஒரு வார்த்தை போதும். திட்டாக இருந்தாலும் சரி. எதையாவது செய்.

நிவார்தோ


பரகோவா
மே 20

தம்பி,

சொல்லிப் பார்த்தேன், பாதிரியாரை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பெல்கிஸ் வந்து, "எல்லாம் என்னாலதான், என்னை நாலு அடி அடிங்க" என்றாள். அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். பேச்சு பலிக்காது.

ஒரு வேலை மனதில் இருக்கிறது. அதற்கு உன் குரல் மட்டும் தனியாக வேண்டும். பாடங்களில் உன் குரலுக்கு அடியில் மொட்டை முனகிக்கொண்டே இருக்கிறார். நீ அலமாரியில் பேசிப் பதிவு செய்தது வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே இருந்தால் முழுவதையும் அனுப்பு. இருமல், தும்மல் எதையும் சுத்தம் செய்யாதே.

எதற்கு என்று கேட்காதே. எனக்கே இன்னும் தெரியாது.

ஒடால்மிஸ்


ஹவானா
மே 29

அக்கா,

எல்லாம் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மைக்கை அணைக்க மறந்து நான் பாட்டுப் பாடியது, சேவலைக் கெட்ட வார்த்தையில் திட்டியது எல்லாம் இதில் உண்டு. எதற்கு என்று கேட்கவில்லை.

விசா வந்துவிட்டது. சந்தோஷப்படவேண்டிய நாள் என்பதால் ஆபீஸில் எல்லோரும் கைகொடுத்தார்கள். இப்போது பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது, ஓடி வரலாமென்று பஸ் நிலையத்துக்குப் போனேன். பெட்ரோல் இல்லையென்று பாதி பஸ்களை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து திரும்பி வருவதற்கு ஜூலைக்குத்தான் இடம் இருக்கிறதாம். பால்தோமேரோவிடம் கெஞ்சிப் பார்த்தேன். வருவதற்கு எப்படியாவது ஓர் இடம் பிடித்துத் தருவாராம், திரும்புவதற்கு வாக்குக் கொடுக்க முடியாதாம்.

அம்மா முகத்தைத் துடைக்கும் அந்த நீலத்துண்டு இன்னும் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

நிவார்தோ


பரகோவா
ஜூன் 12

என் செல்லத் தம்பிக்கு,

முடித்துவிட்டேன். இதயம் விரியாமல், புறா பறக்காமல் நான் செய்த முதல் படம்.

உன் குரல் அத்தனையையும் கேட்டேன். பாடமாக இருந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பாடத்துக்கு நடுவில் நீ நீயாகப் பேசியதை மட்டும் எடுத்தேன். "இரு அக்கா, தண்ணி வந்துடுச்சு, தொட்டிய ரொப்பிட்டு வரேன்." "இந்த இடத்துல அம்மா இருந்தா என் காதைத் திருகுவா." சேவலைத் திட்டியதும் இருக்கிறது, கெட்ட வார்த்தையோடு. அம்மா அதை உன்னிடம் தனியாகக் கேட்பாள்.

காட்சிக்குத்தான் திண்டாடினேன். உன் முகம் என்னிடம் அசைந்து பேசுவதாக ஒன்றுகூட இல்லை. மொட்டையை வைத்தால் அம்மா எழுந்து போய்விடுவாள். கடைசியில் அம்மாவையே வைத்தேன். கேமராவைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி ஒரு வாரமாக அவளை எடுத்தேன். துணி பிழிவது, கொல்லையில் வாழைத்தார் வெட்டுவது, சாயங்காலம் வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்ப்பது. அதற்கு மேல் உன் குரல் ஓடுகிறது.

நேற்றுக் கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து, வீடியோ முடிந்தது, ஒரு பார்வை பாரு என்று உட்காரவைத்தேன். விழா வீடியோ என்று நினைத்து உட்கார்ந்தாள். "யாருடி இந்தக் கிழவி" என்றாள். உன் குரல் வந்ததும் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தொன்பதாம் பாடத்தில் நீ சொன்னதை அப்படியே, முழுசாக வைத்திருந்தேன். "அம்மாகிட்ட நீ சொல்லாதேக்கா. நான்தான் சொல்லணும். அவ முகத்தப் பாத்துச் சொல்லணும். போறேன்னு அவ முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது, அதுதான் தெரியல." அந்த இடத்தில் திரையில் அவள் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அழுதுவிட்டால் எனக்கும் வந்துவிடும். அவள் அழவில்லை.

படம் முடிந்ததும், "கொஞ்சம் முன்னாடி போ" என்றாள். நான் பத்தொன்பதுக்குப் போனேன். "அது இல்ல. இன்னும் முன்னாடி." கலர் பாடத்தில் ஓர் இடம். "சரி, நான் போய் சாப்பிட்டுட்டு வரேன்" என்கிறாய். அடுத்த நொடியே, "ம், எங்க விட்டேன்" என்று தொடங்கிவிடுகிறாய். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடப் போறேன்னான். போகலையே."

நான் படத்தை நிறுத்தினேன்.

"இங்கயே இப்படி வயித்தக் காயப் போடறான். அங்க போனா யாரு கேப்பா இவன?"

கழுத்துச் சாவியை எடுத்தாள், பெட்டியைத் திறந்தாள், போனை எடுத்தாள். உன்னைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். பால்தோமேரோவைக் கூப்பிட்டாள். அங்கே வருவதற்கு ஓர் இடம் போதும், திரும்புவதற்கு அவசரமில்லை, ஜூலையோ ஆகஸ்டோ பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை ஏறுகிறாள், வெள்ளிக்கிழமை காலை உன் வாசலில் இருப்பாள். இப்போதே அடுப்படியில் சட்டி உருள்கிறது. தேங்காய்ப்பாலில் மீன் செய்து எடுத்து வரப் போகிறாளாம். பஸ் சூட்டில் கெட்டுப்போகும் என்றேன். கெட்டுப்போகாது என்றாள். எப்படி என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால், இன்றைய பஸ்ஸில் வருகிறது. நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

"சாப்பிட்டுட்டு வரேன்" என்பதற்கும் "எங்க விட்டேன்" என்பதற்கும் நடுவில் கால் மணி நேரம் இருந்தது, தம்பி. மைக்கை அணைக்காமல் போயிருக்கிறாய். தட்டுச் சத்தம், குழாய்ச் சத்தம், நீ விட்ட ஏப்பம், எல்லாம் அதில் இருந்தது. வெறும் இரைச்சல்தானே என்று நான்தான் வெட்டி எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. நீயும் உளறிவைக்காதே.

வெள்ளிக்கிழமை காலை எதுவும் சாப்பிடாமல் இரு.

ஒடால்மிஸ்